சனிக்கிழமை லைவுக்கு என் பதில் (நீளமாகத்தான் இருக்கும்)

சனிக்கிழமை ராத்திரி லைவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் லிங்க் கேட்காதீர்கள், அதற்கு ஒரு வியூ கூட்டிவிட எனக்கு மனசில்லை.

"கெட்டமின் லாசஞ்ச் (வாயில் வைத்துக் கரைக்கும் மாத்திரை) தபாலில் வீட்டுக்கே வரும். வாயில் போட்டு, கண்ணைக் கட்டி, பாட்டுப் போட்டுப் படுத்தால் டிப்ரஷன் காலி. கிளினிக் எல்லாம் காசு பிடுங்கும் வேலை." இது லைவ் நடத்திய அண்ணன் வாக்கு. கீழே கமெண்டில் போய் நான் கேட்டது ஒரே கேள்விதான்: பக்கத்தில் உட்கார்ந்திருக்கப்போவது யார்? உடனே "மெடிக்கல் மாஃபியாவின் கைக்கூலி" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்தக் கூலியை எங்கே கொடுக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கலாம், வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது.

நான் கெட்டமினுக்கு எதிரி இல்லை. எதிரியாக இருந்தால் அதைக் கொடுக்கும் இடத்தில் நர்ஸாக இருக்கமாட்டேன். 1970-லிருந்து அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மயக்க மருந்து அது. "குதிரைக்குப் போடுவது" என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு: குழந்தைகளுக்கும் போடுவதுதான். 2000-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏழே பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது, மனச்சோர்வு சில நாட்களுக்குள் குறைந்தது. 2006-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில், வேறு மருந்துகள் கேட்காத 17 பேருக்குக் கொடுத்தபோது மறுநாளே 71 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. இதுவரை அண்ணனும் சொன்னார். ஒரு வாரம் கழித்தும் பலன் நின்றது 35 சதவீதம் பேருக்குத்தான் என்ற அடுத்த வரியை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்.

மருந்து மட்டும் சிகிச்சை இல்லை. அதைச் சுற்றி நடப்பதெல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், சலிப்பாக இருந்தால் ஸ்க்ரோல் செய்துவிடுங்கள்.

டிரிப் (நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுவது) என்றால் என்ன நடக்கிறது? வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடத்தில். 70 கிலோ ஆளுக்கு 35 மில்லிகிராம். மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள வயலில் (மருந்துக் குப்பியில்) எடுத்தால் 0.7 மில்லி. இங்கே மில்லிக்கு 10, 50, 100 என்று மூன்று விதமாக வயல் வருகிறது. 50 என்று நினைத்து 100-ஐ எடுத்தால் கணக்கு அப்படியே இரட்டிப்பு. அதனால்தான் இரண்டு பேர் லேபிளைச் சத்தமாகப் படித்துச் சரிபார்க்கிறோம். 100 மில்லி சலைனில் கலந்தால் பம்ப் வேகம் மணிக்கு 150 மில்லி. அதே மருந்து பத்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டால் அளவு சரியாக இருந்தும் ஆள் ஒரேயடியாகத் தூக்கி எறியப்பட்ட மாதிரி ஆகிவிடுவார்.

தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. கட்டுப்படாத பிபி, ரத்தக்குழாய் வீக்கம், மூளையில் ரத்தக்கசிவு வந்தவர், முன்பு சைக்கோசிஸ் (நிஜம் எது என்று தெரியாமல் போகும் மனநோய்) இருந்தவர், கர்ப்பிணி... இவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு நிறுத்துவோம். பதற்றத்துக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே பென்சோ மாத்திரை (பதற்றத்தைத் தணிக்கும் ஒரு வகை மருந்து) சாப்பிடுகிறவர்கள், அது கெட்டமினின் பலனை மழுங்கடிக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தால் வாந்தி நிச்சயம்.

இருபதாவது நிமிடம் வாக்கில் ஒருவர் தன் கையைத் தூக்கி, யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்போது மானிட்டரில் பிபி 122-லிருந்து 145-க்குப் போயிருக்கும். இன்னொருவர் "நான் செத்துட்டேனா?" என்று மெல்லக் கேட்பார். அந்த நேரத்தில் தேவைப்படுவது, தோளில் ஒரு கை, "இது மருந்து, இன்னும் இருபது நிமிஷத்துல இறங்கிடும்" என்று ஒரு வரி. பதற்ற நோய் உள்ளவருக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். பிடி நழுவுகிறது என்பதுதானே அவருடைய பயமே? அந்த வரியைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், ஆறுதலுக்கு வந்தவர் புதிதாக ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு போவார். தபால் உறைக்குள் அந்த வரியை எங்கே வைத்து அனுப்புகிறார்கள்?

லாசஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நரம்பில் போனால் கொடுத்தது முழுக்கப் போகும். நாக்கடியில் கரைத்தால் கால் பங்கு வாக்கில்தான் ரத்தத்துக்குப் போகும், விழுங்கினால் அதைவிடக் குறைவு. எவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தார், எச்சிலைத் துப்பினாரா விழுங்கினாரா என்பதைப் பொறுத்து ஒரே லாசஞ்ச் வேறு வேறு அளவாகிவிடும். 2023 அக்டோபரில் எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) எச்சரித்ததும் மருந்தகங்களே கலந்து செய்யும் இந்தத் தயாரிப்புகளைப் பற்றித்தான். வீட்டில் வாய்வழி எடுத்த ஒருவருக்கு மூச்சு மந்தமாகி, ரத்தத்தில் மயக்கத்துக்குத் தரும் அளவைப்போல இரண்டு மடங்கு கெட்டமின் இருந்ததாக அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே எஃப்டிஏ 2019-ல் அங்கீகரித்த எஸ்கெட்டமின் (கெட்டமினின் ஒரு வடிவம்) மூக்கு ஸ்ப்ரேவுக்கு விதி என்ன? 56 அல்லது 84 மில்லிகிராம், மருத்துவ இடத்தில் வைத்து மட்டும், இரண்டு மணி நேரக் கண்காணிப்பு, தூங்கி எழுந்து மறுநாள்தான் வண்டி ஓட்டலாம். இதையும் மாஃபியா எழுதியது என்பீர்கள்.

"மேத்யூ பெர்ரி செத்தாரே, அப்புறமும் வக்காலத்தா?" இது எதிர்ப்பக்கத்துக் கமெண்ட். கெட்டமினால் இறந்துபோன 'ஃப்ரெண்ட்ஸ்' நடிகரைச் சொல்கிறார்கள். அவர் கடைசியாக டிரிப் எடுத்தது இறப்பதற்கு ஒன்றரை வாரம் முன்பு. சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து அவ்வளவு நாள் ரத்தத்தில் தங்காது. இறந்த அன்றைக்கு ஊசி போட்டது மருத்துவப் பயிற்சியே இல்லாத உதவியாளர். ரத்தத்தில் இருந்தது ஆபரேஷன் மயக்க அளவு. ஆள் சுடுநீர்த் தொட்டியில், தனியாக. மறுபடியும் என் கேள்விக்கே வருகிறேன்: பக்கத்தில் யார்?

சரி, பேச்சு சிகிச்சைக்கு வருவோம். லைவில் அதைப் பற்றி மூச்சே இல்லை. முன்னால் இரண்டு மூன்று செஷன், என்ன நடக்கும், எதற்காக வந்தீர்கள் என்று பேச. மருந்து ஏறும்போது தெரபிஸ்ட் அதிகம் பேசமாட்டார், நோயாளி உளறும் வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்வார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதைத் திருப்பிப் படித்துக் காட்டிப் பேசுவார். ஏன் அவ்வளவு சீக்கிரம்? 2010-ல் யேலில் எலிகளின் மூளையில் கெட்டமின் புது நரம்பு இணைப்புகளை ஒரு நாளுக்குள் கூட்டுவதைக் கண்டார்கள். மனிதரிலும் அப்படி ஓர் இளகிய நேரம் இருந்தால் அதை வீணாக்கக்கூடாது என்பது கணக்கு. பேச்சையும் சேர்த்தால் எவ்வளவு கூடுதல் பலன் என்பதற்குப் பெரிய ஆய்வுகள் இன்னும் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் 2023 ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைத் தூக்கி வந்தார்: ஆபரேஷன் மயக்கத்தில் இருந்த மனச்சோர்வு நோயாளிகள் 40 பேரில் கெட்டமின் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறினார்கள். நல்லது. அது யார் பக்கம் பேசுகிறது? மருந்தைத் தாண்டி நம்பிக்கையும் கவனிப்பும் வேலை செய்கிறது என்றுதானே?

காசு. இதற்கு என்னிடம் நேர்மையான பதில் பாதிதான் இருக்கிறது. ஒரு டிரிப்புக்கு நூற்றுக்கணக்கில் டாலர், இரண்டு மூன்று வாரத்தில் ஆறு டிரிப், இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தராது. கோபப்பட உரிமை இருக்கிறது. ஆனால் தபால் லாசஞ்சில் அந்தக் காசைக் குறைக்க வெட்டியது எதை? மருந்தை வெட்டவில்லை, பக்கத்தில் இருக்கும் ஆளைத்தான் குறைத்தார்கள். அதை "மலிவு" என்று சொல்லாதீர்கள்.

"அக்கா, நீங்க நர்ஸ்தானே, டாக்டர் இல்லையே?" ஆமாம் தம்பி, நர்ஸ்தான். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நாற்பது நிமிடமும், அதற்கப்புறம் ஆள் தள்ளாடி பாத்ரூம் போகும் வரையிலும் அந்த அறையில் இருப்பது நர்ஸ்தான். வாந்திக் கிண்ணத்தைப் பிடிப்பதும் நர்ஸ்தான். எட்டாம் நாள் போன் செய்து "திரும்ப வந்துடுச்சு சிஸ்டர், மருந்து எனக்கு மட்டும் வேலை செய்யலையா, என்கிட்டதான் கோளாறா?" என்று அழுகிறவரிடம், இல்லம்மா, நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகும், அடுத்த தேதி இருக்கு என்று சொல்வதும் நர்ஸ்தான். "ஒரே ராத்திரியில் காலி" என்று லைவில் விற்றவர் அந்தப் போனை எடுக்கப்போவதில்லை. தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வதுதான் இந்த நோய். அதற்குத் தீனி போடுகிறீர்கள்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். என் கேள்வியை அழித்துவிட்டார்கள். அதே இடத்தில் ஒரு தம்பி, "எனக்கு பிபி மாத்திரை ஓடுது, இதை எடுக்கலாமா அண்ணே?" என்று கேட்டிருந்தார். அண்ணன் ஹார்ட் போட்டிருக்கிறார்.

தம்பி, இதைப் பார்த்தால் இன்பாக்ஸுக்கு வாங்க.