முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டு ஒரு படிப்பை அளக்காதீர்கள்

மருத்துவ ஆய்வகப் பட்டப்படிப்பு வேண்டாம் என்று ஒருவர் பேசிய காணொளியை நான் பார்த்தேனா என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். பார்த்தேன், இறுதிவரை பார்த்தேன். படிப்புக்கு ஆகும் செலவைப் பலகையில் ஒருபுறமும், படித்து முடித்தவுடன் கிடைக்கும் சம்பளத்தை மறுபுறமும் எழுதிக் காட்டிவிட்டு, மருத்துவ ஆய்வகப் பட்டம் நட்டக் கணக்கு, மூன்று மாதப் பயிற்சியே போதும், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று அவர் முடித்தார். அவர் அப்படிச் சொன்னதைவிட, அதை ஆமோதித்துக் கீழே எழுதியவர்களில் என்னுடன் பணிபுரிந்தவர்களும் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

செலவை நான் மறைக்கப் போவதில்லை. கல்லூரிக் கட்டணத்தோடு விடுதியும் தேர்வுக் கட்டணமும் சேரும். கடன் வாங்கினால் வட்டி சேரும். அந்த ஆண்டுகளில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய வருமானத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவு என்பதும் உண்மை. ஆனால் சம்பளம் குறைவாக இருப்பது அதைக் கொடுப்பவரின் குறை. அதைப் படிப்பின் குறையாகப் பலகையில் எழுதி, பள்ளி முடித்து வரும் பிள்ளைகளிடம் காட்டுவது நியாயமன்று.

மூன்று மாதப் பயிற்சி பெற்றவருக்கும் பட்டம் பெற்றவருக்கும் முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒரே சம்பளம் கிடைக்கலாம். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே டியூப்களைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். வேறுபாடு பல ஆண்டுகள் கழித்தே தெரியும். ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளராக, தரக்கட்டுப்பாட்டுக்கு மேலாளராக, இரத்த வங்கியிலோ மூலக்கூறு ஆய்விலோ சிறப்புப் பணிக்கு, கருவி நிறுவனத்தில் பயன்பாட்டு நிபுணராக, கல்லூரி ஆசிரியராக ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது பட்டத்தைத்தான். முதுநிலைப் படிப்புக்குப் போகும் வழியும் அதுதான். வெளிநாடு செல்ல நினைப்பவருக்கு இது இன்னும் முக்கியம். பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் (மருத்துவ ஆய்வக அறிவியலாளர்) என்ற பணிப்பெயரைப் பதிவு பெற்றவரைத் தவிர வேறு எவரும் சட்டப்படி பயன்படுத்த முடியாது. அந்தப் பதிவுக்கு விண்ணப்பித்தால் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று பாடவாரியாகக் கேட்பார்கள். முதல் மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டவர் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஓர் இரவுப் பணியில் என்னுடன் இருந்தவள் அப்போதுதான் பட்டம் முடித்து வந்திருந்த பெண். வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் மிக அதிகமாகக் காட்டியது. இயந்திரம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. பொட்டாசியத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் ஹீமோலிசிஸும், அதாவது சிவப்பணுக்கள் உடைவதும், இல்லை. ரிப்போர்ட் எங்கே என்று வார்டிலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. அவள் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. அதே சாம்பிளில் கால்சியம், உயிரோடிருக்கும் ஒருவருக்கு இருக்க முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் விழுந்திருந்தது. அன்று காலை வந்த சாம்பிளிலோ எல்லாம் இயல்பாக இருந்தன. இரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடி டியூபில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு இருக்கும். அந்த உப்பு தன் பொட்டாசியத்தை இரத்தத்தில் சேர்த்துவிடும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அல்கலைன் பாஸ்பட்டேஸ் செயல்படத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். இரத்தம் எடுத்தவர் ஊதா டியூபில் இருந்ததை இந்தச் சோதனைகளுக்கான டியூபில் ஊற்றி நிரப்பியிருக்கிறார் என்று அவள் புரிந்துகொண்டு, ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து, புதிய சாம்பிள் கேட்டாள். புதிய சாம்பிளில் பொட்டாசியம் இயல்பாகவே இருந்தது.

பொட்டாசியம் இயல்பாக உள்ள ஒருவருக்கு அதைக் குறைக்கும் மருந்தைச் செலுத்தினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். அந்த நோயாளிக்கு இது எதுவும் தெரியாது. அவர் குடும்பத்துக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அன்று கிடைத்தது, தாமதப்படுத்தியதற்காக வார்டிலிருந்து வந்த வசவு மட்டும்தான். அவளுடைய படிப்புக்கு ஆன செலவை எழுதிய பலகையில், அந்த இரவை எந்தப் பக்கம் எழுதுவது என்று காணொளியில் பேசியவரை நான் உண்மையாகவே கேட்கிறேன்.

இதைத் தற்செயல் என்று சிலர் சொல்லக்கூடும். தற்செயலன்று, இது பாடத்திட்டத்தில் உள்ளது. அளவுகள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று நாள்தோறும் புள்ளி வைத்துப் பார்க்க லீவியும் ஜென்னிங்ஸும் 1950இல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த கட்டுப்பாட்டு வரைபடத்தையும், அதை எப்படிப் படிப்பது என்று வெஸ்ட்கார்டும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட விதிகளையும் நாங்கள் தேர்வுக்காக மட்டும் படிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் நோயாளியின் சாம்பிளைத் தொடுவதற்கு முன் அவற்றைக் கொண்டுதான் இயந்திரத்தைச் சோதிக்கிறோம். எவ்வளவு காட்ட வேண்டும் என்று முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியின் அளவு இரண்டு திட்ட விலக்கத்துக்கு (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவின் இருமடங்குக்கு) வெளியே போவது, எந்தக் கோளாறும் இல்லாதபோதுகூட ஏறக்குறைய இருபதில் ஒருமுறை நடக்கும். ஏன் என்று கற்றுக்கொடுக்கப்படாதவர் அளவு உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவார். கற்றவர் முந்தைய நாட்களின் புள்ளிகளைப் பார்த்து, அவை தொடர்ந்து ஒரே பக்கமாகச் சாய்கின்றனவா, சோதனைக்கான வினைப்பொருள் கெட்டுவிட்டதா, இயந்திரத்தின் அளவுத்திருத்தம் நகர்ந்துவிட்டதா என்று தேடுவார். இரத்த வகை காண்பதும் அப்படித்தான். செல்களை வைத்துச் செய்யும் சோதனை ஒரு வகையையும், சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) வைத்துச் செய்யும் சோதனை வேறொரு வகையையும் காட்டும்போது, அறுவைச் சிகிச்சை அறையில் இரத்தத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை மூன்று மாதத்தில் எவரும் கற்றுவிட முடியாது.

நானும் அந்தத் துறையில் இருப்பதால் வாதாடுகிறேன் என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆம், இருக்கிறேன். உள்ளே இருப்பவர் பேசாமல் வேறு யார் பேசுவது? டிப்ளமோ படித்தவர்களை நான் குறைத்துப் பேசுவதாகச் சொல்லப் போகிறவர்களுக்கு: இரத்தப் படலத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டிப்ளமோ படித்த அக்காதான். அவருடைய கண்ணுக்கு நிகராக இன்றுவரை நான் ஒருவரையும் பார்க்கவில்லை. ஆனால் பொறுப்பாளர் பதவி வந்தபோது அவரிடம் பட்டம் இல்லை என்று சொல்லி, அவரிடமே வேலை கற்றவருக்கு அதைக் கொடுத்தார்கள். அன்று அவர் ஓய்வறையில் அழுததை நான் மறக்கவில்லை. திறமைக்குப் பட்டம் தேவையா என்பது வேறு கேள்வி. பட்டம் இல்லாததால் திறமையை மறுக்கும் ஓர் உலகத்துக்குள் மாணவர்களை அனுப்பிக்கொண்டே, பட்டம் வேண்டாம் என்று அறிவுரை சொல்வது கொடுமை.

செயற்கை அறிவு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இரத்த அணுக்களைப் படம் பிடித்து வகைப்படுத்தும் கருவிகள் ஏற்கெனவே எங்கள் மேசையில் இருக்கின்றன. அவை ஐயத்தோடு ஒதுக்கும் செல்களை மனிதர்தான் பார்த்து உறுதி செய்கிறார்.

கடன் வாங்கிப் படிக்கலாமா என்ற கேள்விதான் எனக்குக் கனமானது. அதைக் கேட்பவர் விவாதத்துக்காகக் கேட்கவில்லை, வீட்டு நிலைமையை வைத்துக்கொண்டு கேட்கிறார். அவருக்கு நான் சொல்வது இது. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் குறைந்த கட்டணத்துக்குக்கூடச் சேராதீர்கள். மருத்துவமனையோடு இணைப்பு இல்லாத கல்லூரி, எத்தனை பெரிய கட்டடம் வைத்திருந்தாலும் வேண்டாம். பயிற்சிக் காலத்தில் உண்மையான சாம்பிள்களைக் கையாளாதவருக்குச் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கல்லூரியிடம் கேட்காமல் அவர்களிடமே கேளுங்கள். மாதத் தவணை தொடக்கச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும் என்றால், டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்து, பிறகு பட்டப்படிப்பில் நேரடியாக மேல் வகுப்பில் சேரும் வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட வழிதான் என்றாலும் அது தோற்றவர்களின் வழியன்று. இதையெல்லாம் விளக்குவதற்கு அந்தக் காணொளியில் நேரம் இருந்தது. அவர் அந்த நேரத்தை எங்களைச் சிறுநீர்க் குப்பி தூக்குபவர்கள் என்று சொல்லிச் சிரிப்பதற்குச் செலவிட்டார்.

அந்தச் சிரிப்பை அவர் ஒருவர் மட்டும் உண்டாக்கவில்லை. மருத்துவ ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 15189 தரச்சான்றைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் நிர்வாகங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தத் தரநிலை பணியாளரின் கல்வித்தகுதியையும் திறமையையும் ஆவணப்படுத்தச் சொல்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் எங்கள் பட்டச் சான்றிதழ்களின் நகல்கள் கோப்பில் வரிசையாக இருக்கும். சம்பளம் பேசும் நாளில் மட்டும், குறுகியகாலப் பயிற்சி பெற்றவர் இதைவிடக் குறைவாகக் கேட்கிறார், உங்களுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பார்கள். எங்கள் பட்டம் உங்கள் சான்றுக்குத் தேவைப்படுகிறது என்றால், அதற்குரிய ஊதியத்தையும் அதே கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒருவர் பலகையில் கணக்குப் போட வரும்போது, எழுதுவதற்கு அவருக்கு வேறு எண் கிடைக்கும்.