கொப்பியைத் திருத்த வேண்டாம் டீச்சர்

நிகழ்ச்சி முடிந்து பிள்ளை சதங்கையைக் கழற்றுமுன்னமே போட்டோ முகநூலில் ஏறிவிடுகிறது. "அருமை மிஸ்", "கலக்கிட்டா உங்கட பிள்ளை", கைதட்டல், இதயம். இரண்டு நாள் எல்லாரும் மிதப்போம். அடுத்த வகுப்பில் அதே பிள்ளை அதே தீர்மானத்தை (ஜதிக் கோர்வையின் முடிப்பை) அதே இடத்தில் அவசரப்பட்டு முடிப்பாள். வாழ்த்துச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர் கொமென்டில் எழுத மாட்டார், எழுதினால் சண்டை. (இதையும் முகநூலில்தான் எழுதுகிறேன், என்ன செய்ய.)

நான் சொல்ல வருவது இதுதான். திருகோணமலையில் நடனம், நாடகம், வாத்தியம் என்று மேடையோடு கிடக்கிற நாங்கள், பழகுகிறவர்களும் பழக்குகிறவர்களும், ஆளுக்கொரு கொப்பி வைத்து ஆடியதையும் நடித்ததையும் வாசித்ததையும் பற்றி எழுதிப் பார்க்க வேண்டும். வேறு ஒருவரும் வாசிக்காத கொப்பி. குருவும் வாசிக்கக் கூடாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதைச் சொன்னவுடன் வருகிற முதல் பதில்: "கலை கையிலும் காலிலும் கிடக்கு, கொப்பியில என்ன கிடக்கு? எந்த அண்ணாவியார் டயறி எழுதினவர்?" அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்குகிறவர். நல்ல கேள்விதான். ஆனால் கிழக்கில் கூத்துப் பழக்கிய முறையைக் கொஞ்சம் யோசியுங்கள். சட்டம் (ஆளுக்குரிய பாட்டும் வசனமும்) கொடுத்து, ஆட்டம் பழக்கி, சதங்கை அணிந்து, கிழமைக் கூத்து (கிழமைதோறும் ஒத்திகை) ஆடி, அடுக்குப் (முழு ஒத்திகை) பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் போகிற வேலை. கிழமைக் கூத்துக்கு வந்து குந்துகிற ஊர்ப் பெரியவர்கள் "தருமருக்குக் குரல் காணாது", "வரவு இழுபடுது" (பாத்திரம் மேடைக்கு வருகிற ஆட்டம்) என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த கிழமையும் வந்து, திருந்தியிருக்கா என்று பார்ப்பார்கள். அண்ணாவியார் எழுதி வைக்காவிட்டால் என்ன, ஞாபகம் வைத்திருக்க ஊரில் அத்தனை பேர் இருந்தார்கள்.

இன்றைக்கு எங்கள் நிலைமை என்ன? போட்டிக்குச் சில கிழமை இருக்கும்போதுதான் பாட்டுத் தெரிவாகிறது. பக்கவாத்தியத்துக்கு ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் பென்டிரைவ். மேடையில் ஐந்து, பத்து நிமிடம். முடிந்ததும் வான் வண்டியில் ஏறி வீடு. முகத்துக்கு நேரே சொல்லப் பெரியவர்களும் இல்லை, சொன்னால் கேட்கப் பெற்றோருக்குப் பொறுமையும் இல்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் பாதியையாவது கொப்பி நிரப்பும் என்பதுதான் என் வாதம்.

நாட்குறிப்பு வெள்ளைக்காரப் பழக்கம் என்பவர்களுக்கு: புதுச்சேரியில் ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். மேடைக்காரர் எழுதினாரா என்றால், ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பதினான்கு வயதில், 1877இல், நடிப்பைப் பற்றிக் குறிப்பெழுதத் தொடங்கியவர். நடிகனின் பயிற்சி பற்றிய தன் நூலையே ஒரு மாணவனின் நாட்குறிப்பு வடிவத்தில்தான் எழுதினார். நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகள் அவர் பெயரைப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். அவர் செய்த இந்த வேலையை ஒருவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

1983இல் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர் தொழில் செய்கிறவர்களின் சிந்தனையை இரண்டாகப் பிரித்தார். செய்துகொண்டிருக்கும்போதே யோசித்து மாற்றுவது ஒன்று, செய்து முடித்தபின் யோசிப்பது மற்றது. முதலாவதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசிப்பை மாற்றுகிற ஜாஸ் இசைக்காரர்கள். எங்கள் ஆட்களும் அதில் கெட்டிக்காரர்கள். ஆடுகிற பிள்ளை ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) விட்டுவிட்டால் ஜதி சொல்லித் தாளம் போடுகிற நட்டுவாங்கமும் மிருதங்கமும் சேர்ந்து தாங்கிப் பிடிப்பதைச் சபை கண்டுபிடிக்காது. இரண்டாவதில்தான் நாங்கள் பூச்சியம். தாங்கிப் பிடித்தாயிற்று, சரி, அவள் ஏன் அந்த இடத்தில் விட்டாள்?

1988இல் கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர், செய்ததைத் திரும்பிப் பார்க்க ஆறு படி சொன்னார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்று எது தீது, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்தமுறை என்ன செய்வேன். தாதியர் கல்வி, ஆசிரியர் கல்வி என்று பல இடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆறையும் ஒவ்வொரு முறையும் எழுதச் சொன்னால் ஒருவரும் இரண்டு மாதத்துக்கு மேல் எழுத மாட்டார்கள். ஆனால் அந்த இரண்டாவது படியை விடக் கூடாது. மேடையிலிருந்து இறங்கும்போது ஒன்றில் தலைகால் தெரியாத சந்தோசம், இல்லாவிட்டால் செத்துப்போகலாம் போன்ற வெட்கம். இரண்டும் உண்மையை மறைக்கும். "இப்ப எனக்கு அழுகை வருது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்குக் கீழே எழுதுவது கொஞ்சம் தெளியும்.

எங்களுக்கு வாசிக்கிற மிருதங்க அண்ணா ஒருவர் இருக்கிறார். எந்த நூலும் படித்து அவர் இதைத் தொடங்கவில்லை. சட்டைப்பையில் அடங்குகிற சின்னக் கொப்பி. நாள், இடம், சுருதி, காற்று. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தோல் இறுகி வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்) சுருதி ஏறிவிடும், தொப்பியில் (இடப்பக்கத்தில்) பூசிய ரவை சீக்கிரம் காயும். வாடைக்காற்றுத் தொடங்கி மழை இறங்கினால் தோல் ஈரம் பிடித்துச் சுருதி இறங்கும். கடற்கரைப் பக்கம் திறந்தவெளி மேடை என்றால் அது வேறு கணக்கு. இத்தனையும் அவருக்குத் தெரிந்ததுதான். பிறகு ஏன் எழுதுகிறீங்கள் என்று கேட்டேன். "தங்கச்சி, தெரியும் எண்டு நினைச்சிருக்கிறது வேற. போன வருசம் இதே மேடையில என்ன செய்தன் எண்டு பாத்தா, எனக்குத் தெரிஞ்சதில பாதி பிழை எண்டு விளங்குது" என்றார். ஆட்டத்தைப் பற்றியும் எழுதுவார். ஒரு பக்கத்தில், "ஜதியில் நான் முந்தினேன். பிள்ளை பாவம், ஓடி வந்தாள்." அவ்வளவுதான்.

மாணவிகள் தாங்களே சொல்கிறபடி, அவர்கள் எழுதுகிறதில் பெரும்பாலானது "இன்று நன்றாக ஆடினேன், இன்னும் முயற்சி செய்வேன்" ரகம். அதில் ஒன்றுமில்லை. ஒருத்தி மட்டும் தானாகவே வந்து தன் கொப்பியில் ஒரு இடத்தைக் காட்டினாள். எங்கள் கோணேசர் கோயிலைச் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்துக்கு ஆடாத நடன வகுப்பு இந்த ஊரில் இருக்காது. கடல் வருகிற இடத்தில் எல்லாரும் இரண்டு கையாலும் ஒரே அலையை ஒரே அளவில் காட்டுவோம், எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அவள் எழுதியிருந்தது: "டச்பே கடற்கரையில் இருந்து பார்த்தேன். அலை வரும்போது மெதுவா வருது, உடையும்போது கெதியா உடையுது, திரும்பிப் போகும்போது கல்லை இழுக்கிற சத்தம். நான் மூன்றையும் ஒரே வேகத்தில் காட்டுறன். உட்துறைமுகப் பக்கம் போனால் அலையே இல்லை." அதற்குப் பிறகு அவள் முத்திரையை மாற்றவில்லை. காலத்தை (வேகத்தை) மட்டும் மாற்றினாள், கை திரும்பி வரும்போது கண்ணையும் கையோடு பின்னால் இழுத்தாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எத்தனை தரம் "பாவம் காணாது, பாவம் காணாது" என்று, முகத்தில் உணர்ச்சி போதாது என்று, கத்தியும் வராதது அது.

"வீடியோ இருக்கே மிஸ், எழுத வேணுமா?" என்று கேட்கிறார்கள். வீடியோ வேண்டும்தான். ஆனால் எந்த இடத்தில் மூச்சு முட்டியது, எதைப் பார்த்துப் பயந்தோம், எந்த வரியில் மனம் வேறெங்கோ போனது என்பதெல்லாம் போனில் பதியாது. முதலில் எழுத வேண்டும், பிறகு வீடியோ பார்க்க வேண்டும். முறை மாறினால், வீடியோவில் கண்டதையே உணர்ந்ததாக நினைத்து எழுதுவோம். நான் அரைமண்டி (முழங்கால் மடித்து நிற்கிற நிலை) விழவில்லை என்று சத்தியம் பண்ணி எழுதியிருப்பேன், வீடியோவில் விழுந்திருக்கும். எந்த இடத்தில் என் உடம்பு எனக்குப் பொய் சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இனி, ஏன் ஒருவரும் வாசிக்கக் கூடாது என்பது. கல்லூரிகளிலும் பயிற்சிகளிலும் மீள்நோக்குக் குறிப்பு என்று எழுத வைத்துப் புள்ளி போடுகிற வழக்கம் வந்துவிட்டது. நோக்கம் நல்லது. நடப்பது என்ன? ஒப்படைக்கிற முதல் நாள் இரவு உட்கார்ந்து, நான்கு மாதக் குறிப்பை நான்கு நிறப் பேனையால் எழுதி முடிக்கிறார்கள். எல்லாக் குறிப்பிலும் ஒரு சின்னக் குறை, அது அடுத்த கிழமையே திருந்திவிடும், கடைசியில் ஆசிரியருக்கு நன்றி. பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்தில் "பாடம் வெற்றிகரமாக அமைந்தது" என்று நாங்களும் எழுதிப் பழகியவர்கள்தானே. புள்ளி போடுகிறவர் வாசிப்பார் என்று தெரிந்தால் யார் "இந்த உருப்படி எனக்குப் பிடிக்கவில்லை, டீச்சருக்குப் பயந்து ஆடுகிறேன்" என்று எழுதுவார்? எனக்கு வேண்டியதோ அந்த வரிதான். அதை அவள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தனக்குச் சொன்னால் போதும். மதிப்பிட வேண்டுமென்றால், கொப்பியிலிருந்து அவளே தெரிந்தெடுத்த ஒரு விசயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். அதற்குப் புள்ளி கொடுங்கள். கொப்பி அவளுடைய பையிலேயே இருக்கட்டும்.

நடுவராகப் போகிற அண்ணாமார், அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். முதலாம், இரண்டாம் இடம் அறிவித்ததோடு எழும்பிப் போகாதீங்கள். தோற்ற பிள்ளைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், "சாகித்தியம் விளங்கவில்லை", "தாளம் தளர்ந்தது" என்று. பாராட்டே வேண்டாம். அந்தத் துண்டைக் கொப்பியில் ஒட்டி, அதற்குக் கீழே அவள் தன் பக்கத்தை எழுதுவாள்.