கமென்ட் இருக்கு, தகவல் எங்கே?

ஒரு சி லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன், பெயர் 'ஸ்ட்ரிங்கை நகலெடு'. அதன் தலைமேல் கமென்ட்: "ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும்." அடடா, தெரியாமல் போச்சே! அடுத்த வரி, "ரிட்டர்ன்: நகல்." கமென்ட் என்று ஏதோ இருப்பதால் கமென்ட்டிலிருந்து ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜனும் திருப்தியாகிவிடும். லைப்ரரியைப் பயன்படுத்துகிறவன்தான் சோர்ஸைத் தோண்ட வேண்டும்.

திரும்ப வரும் பாயின்டரை (நகல் இருக்கும் மெமரி முகவரி) யார் ஃப்ரீ செய்வது, அதாவது அந்த மெமரியை யார் விடுவிப்பது? ஜீலிப் என்ற சி லைப்ரரி இதை 'டிரான்ஸ்ஃபர் ஃபுல்' (வாங்கியவர் ஃப்ரீ செய்ய வேண்டும்), 'டிரான்ஸ்ஃபர் நன்' (செய்யக் கூடாது) என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது. அது இல்லையென்றால் மெமரி கசியும், அல்லது ஒரே இடத்தை இருமுறை ஃப்ரீ செய்து புரோகிராம் படுத்துவிடும். நல் (எதையும் சுட்டாத பாயின்டர்) கொடுத்தால் நல் வருமா, கிராஷா? அதற்கும் ஒரு வரி போதும்.

'நீளம்' என்று மொட்டையாக எழுதுவதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த நீளம்? ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் கடைசிப் பூஜ்ய பைட் சேர்த்தா, விட்டா? பஃபரில் எழுத்துகளை எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷனுக்கு நாம் தரும் அளவில் அந்த பைட் சேர்த்தி. அது திருப்பித் தரும் எண்ணில் சேராது. அந்த எண்ணும் எழுதிய அளவல்ல, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கும் அளவு. 8 பைட் பஃபரில் 10 எழுத்தைப் போட்டால் உள்ளே நிற்பது 7, திரும்புவது 10. இதைச் சுற்றி ஒரு ராப்பர் (மேலுறை ஃபங்ஷன்) எழுதி, "எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கை" என்று கமென்ட்டும் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பி அடுத்த துண்டை 10-இலிருந்து ஒட்டுகிறவன் பஃபருக்கு வெளியே எழுதுவான்.

பழைய கமென்ட் இன்னும் மோசம். முன்பெல்லாம் தோல்வி என்றால் ஃபங்ஷன் -1 திருப்பித் தரும். இப்போது எர்னோ எண் (என்ன பிழை என்று சொல்லும் நேர்ம எண்). கோட் மாறிவிட்டது, கமென்ட் மாறவில்லை. -1-ஐ மட்டும் சோதிக்கிறவனுக்கு எல்லாத் தோல்வியும் வெற்றிதான்!