ஸ்பீக்கரைக் கொஞ்சம் நிறுத்துங்கள், அவர்களே பாடுவார்கள்

போன மாதம் ஒரு கால்பந்து மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். கேலரி மூலையில் பத்துப் பதினைந்து பையன்கள் டிரம் அடித்து, தாங்களே கட்டின பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வரிசைக்காரர்கள் மெல்லக் கை தட்டிச் சேர்ந்துகொள்ள, மூன்றாவது வரி வருவதற்குள் ஸ்பீக்கரில் ஏதோ சினிமாப் பாட்டு இடி மாதிரி இறங்கியது. அவ்வளவுதான், பையன்கள் டிரம்மைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மைதானத்துப் பாட்டு என்றால் எனக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்தான். அவர்கள் பாடும் 'யூ வில் நெவர் வாக் அலோன்' (நீ ஒருநாளும் தனியாக நடக்கமாட்டாய்) கால்பந்துக்காக எழுதின பாட்டே இல்லை. 1945-இல் அமெரிக்காவில் மேடையேறிய 'கரோசல்' என்ற இசை நாடகத்தில், கணவனைப் பறிகொடுத்து நிற்கும் பெண்ணைத் தேற்றுவதற்காகப் பாடுவது. 1963-இல் லிவர்பூல்காரர்களான 'ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ்' குழு அதைப் பாடி, அது தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கு முன்னால் லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஹிட் பாட்டுகளைப் போடுவார்களாம். பட்டியலிலிருந்து இந்தப் பாட்டு இறங்கிய பிறகும் அங்கே 'கோப்' என்ற கேலரியின் ஜனங்கள் அதைப் பாடுவதை விடவில்லை. அங்கேயும் ரெக்கார்டு ஓடும்தான், ஆனால் கூட்டம் எடுத்த பிறகு ரெக்கார்டு யார் காதிலும் விழாது.

2005 மே 25, ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதி ஆட்டம், இஸ்தான்புல்லில். நமக்கு நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் மிலன் 3, லிவர்பூல் 0. டிவியை அணைக்கக் கை போனபோது அந்தப் பாட்டு கேட்டது, தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ஆட்கள் அத்தனை பேரும் பாடுகிறார்கள். அணைக்கவில்லை. அப்புறம் ஆறே நிமிடத்தில் மூன்று கோல், பெனால்டியில் கோப்பை. பாட்டால் கோல் விழுந்தது என்று சொல்ல வரவில்லை, ஆனால் அந்த இடைவேளையை என்னால் மறக்க முடியாது.

இதைவிடக் கனமான விஷயம் ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, கேலரி நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிர் போனது. பழியையும் ரசிகர்கள் தலையிலேயே போட்டார்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொல்ல 2016 ஆகிவிட்டது, 27 வருஷம்! அன்றைக்கு வாரிங்டனில், விசாரணை நடந்த இடத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்கள் நின்று பாடியதும் இதே பாட்டைத்தான். புருஷனை இழந்தவளைத் தேற்ற எழுதின பாட்டு, பிள்ளைகளை இழந்தவர்கள் வாயில்.

அதே 2016 மார்ச்சில் ஜெர்மனியின் டார்ட்மண்டில், மைன்ஸ் அணியுடன் ஆட்டம் நடக்கும்போதே ஒரு ரசிகர் மாரடைப்பில் இறந்துபோனார். சேதி பரவப் பரவக் கோஷம் நின்றது, கொடிகள் இறங்கின. 80,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானமே அமைதியாகிவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்கார்ஃபைத் தூக்கிப் பிடித்து எல்லோரும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். எந்த டிஜே இதை ஏற்பாடு செய்ய முடியும்?

சாம்பியன்ஸ் லீக் பாட்டும் இருக்கிறது, 1992-இல் சொல்லி எழுதவைத்தது. கம்பீரமான இசை, மறுக்கவில்லை. ஆனால் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் அதற்கு எத்தனையோ முறை ஊளையிட்டிருக்கிறார்கள், அந்தப் போட்டியை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபா மேல் அவர்களுக்கு அவ்வளவு கோபம்.

நம் கிளப்காரர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். கோல் விழுந்தாலும் போடாதீர்கள். முதல் சில ஆட்டங்களில் ஒன்றும் நடக்காமல் வெறிச்சென்று இருக்கலாம், இருக்கட்டும். அந்த மூலைப் பையன்களுக்கு நாலாவது வரியும் தெரியும்.