கோத்தகிரியில் விற்ற கடற்பாசிப் பொடியைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் கடற்பாசிப் பொடி விற்க நடத்திய கூட்டத்தைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த பின்னூட்டங்கள் அனைத்தையும் படித்தேன். கடற்பாசியை நான் பழிக்கவில்லை. தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள் என்று விற்றவர்கள் மேடையேறிச் சொன்னதைத்தான் கண்டிக்கிறேன்.

கடற்பாசியில் மருந்துச் சரக்கு உண்டு. பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்னும் பொருளைக் கொண்டு, நீர் வடியும் புண்களுக்கு மருத்துவமனைகளில் கட்டுப் போடுகிறார்கள். அதே வகைப் பாசியிலுள்ள ஃபியூகோய்டான் என்னும் இன்னொரு பொருள், சோதனைக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது. ஆனால் கண்ணாடித் தட்டில் செல் சாவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு. பழுப்புப் பாசியிலிருந்து செய்த ஜிவி-971 என்னும் அல்சைமர் (மறதி நோய்) மருந்துக்குச் சீனா 2019இல் நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய சோதனையோ 2022இல் பாதியிலேயே நின்றது. அவ்வளவு பாடுபட்டவர்களுக்கே கைகூடாத உறுதி, இந்த டப்பாவுக்கு எங்கிருந்து வந்தது?

என் அத்தைக்குக் கழுத்தில் கழலை வந்து, தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இதே போன்ற பேச்சைக் கேட்டு அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, பாசிப் பொடியைக் கரைத்துக் குடித்தார். சில வாரங்களில் முகம் ஊதி, குரல் கம்மி, நல்ல வெயில் அடிக்கும் பகலிலும் கம்பளியை விட்டு எழ முடியாமல் கிடந்தார். பாசியில் அயோடின் இருக்கிறது, உண்மைதான். அதை ஹார்மோனாக மாற்றச் சுரப்பி வேண்டாமா? சுரப்பி இருப்பவர்களுக்கும் அயோடின் அளவு மீறினால் தைராய்டு கெடும்.

மலைமண்ணில் அயோடின் குறைவு என்கிறீர்கள். மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்பது சரி, அதற்குத்தான் அயோடின் கலந்த உப்பு நம் அடுக்களைக்கு வந்தது. ஆங்கில மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பவர்கள், 1860களில் இதே நீலகிரியில் நட்ட சின்கோனா மரத்தை நினைத்துப் பாருங்கள். மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்து, அளவு கண்டு கொடுத்ததால்தான் மலேரியாவுக்கு அது நம்பத்தகுந்த மருந்தானது. இயற்கை மருந்து வேண்டும் என்று உங்களைவிட நான் குறைவாக ஆசைப்படவில்லை. அத்தையின் படுக்கை அருகே உட்கார்ந்திருந்தவன் நான்; என்னைப் பார்த்துக் கைக்கூலி என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு அயோடின் இருக்கிறது என்று மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, மறுநாள் காலை என்னைத் தங்கள் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.