ஒரு வரி க்வெரிக்கு ஒரு லைப்ரரியா?

பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறை. ஓனர் கோவைக்காரர், பம்ப் அசெம்பிள் பண்ணி அனுப்புகிறார். ஒரு லாட் பேரிங் மோசம் என்று தெரிந்தால் அது எந்த சப்-அசெம்பிளிக்குள் போச்சு, அது எந்த பம்பில் ஏறிச்சு, அந்த பம்ப் இப்போ யாரிடம்? இதைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரை முருகேஷ்பாளையாவில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மதுரைத் தம்பி போன வாரம் ஆரம்பித்தான். "அண்ணா, இது பக்கா கிராஃப். எம்பெடட் கிராஃப் டேட்டாபேஸ் ஒண்ணு சேர்த்துடலாம்." எது எதோடு சேர்ந்தது என்ற தொடர்புகளையே சேமித்துத் தேடும் டேட்டாபேஸ், நம் புரோகிராமில் சேர்க்கும் லைப்ரரியாக.

பாதி சரி. பட்டறையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். சர்வரைக் கட்டி மேய்க்க ஆள் கிடையாது. லைப்ரரி என்றால் புரோகிராமுக்குள்ளேயே ஓடும். அதன் க்வெரி மொழியான சைஃபரில் எத்தனை படி ஆழம் போனாலும் ஒரே வரி. ஆனால் ஒரே ஃபைலில் டேபிள்களை வைக்கும் டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்க்யூலைட்டிலும் 2014 முதல் ரிகர்சிவ் க்வெரி (கிடைத்த விடையை வைத்தே அடுத்த படியைத் தேடுவது) இருக்கிறதே! பத்து வரி ஆகும், பார்க்க அசிங்கம், வேலை நடக்கும். ஒன்று மட்டும் கவனம்: ஒரு பாகம் தனக்குள்ளேயே இருப்பதாக யாராவது தப்பாக எண்ட்ரி போட்டால், வந்த விடையே திரும்ப வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் யூனியன் ஆல் முடிவில்லாமல் சுற்றும். ஐடியை மட்டும் எடுத்து, திரும்ப வந்ததைத் தள்ளிவிடும் யூனியன் போட்டால் நின்றுவிடும்.

எனக்கு வேகம் கவலையே இல்லை, ஃபைல்தான் கவலை. பட்டறை சாஃப்ட்வேரை யாரும் மாற்ற மாட்டார்கள் (அங்கே பில்லிங் இன்னும் நீலத் திரையில்தான்). எஸ்க்யூலைட் 3 ஃபைலின் வடிவம் 2004-லிருந்து அதேதான், 2050 வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி காட்டிய கிராஃப் டேட்டாபேஸ் குஸு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சி++, அருமையான வேலைப்பாடு. 2025 அக்டோபரில் அதன் கோடு இருக்கும் கிட்ஹப் கிடங்கை ஆர்க்கைவ் செய்துவிட்டார்கள், அதாவது படிக்க மட்டும்தான். யாரும் எடுத்து மாற்றலாம் என்கிற எம்ஐடி லைசென்ஸ் என்பதால் வேறு சிலர் ஃபோர்க் (தனி நகல்) எடுத்துத் தொடர்கிறார்கள். இருந்தாலும் அதில் வெர்ஷன் மாறி ஃபைல் வடிவமும் மாறினால், பழையதில் எக்ஸ்போர்ட் எடுத்துப் புதியதில் இம்போர்ட் பண்ண வேண்டும். பீன்யாவில் அதை யார் செய்வது? தவிர, ஒரு புராசெஸ் எழுதத் திறந்து வைத்திருந்தால் இன்னொன்று அதே ஃபைலைத் திறக்க முடியாது.

கடைசியில் தம்பிக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அசல் கணக்கு எஸ்க்யூலைட்டில்தான். கிராஃப் ஃபைல் வெறும் நகல், நான் எப்போது அழித்தாலும் ஒரே கமாண்டில் திரும்ப வர வேண்டும். முகம் சுருங்கியது, ஆனால் எழுதினான். நேற்று சொல்லாமலே அழித்துப் பார்த்தேன், டீ குடித்து வருவதற்குள் வந்துவிட்டது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓனரிடம் இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி, யாருக்கு போன் போடோணும்னு லிஸ்ட்டு வருமுங்களா?" என்றார்.