பயிற்சிக்குப் போகும் நாள்

நாளை மறுபடியும் ஆசிரியர்களுக்கான பயிற்சி. எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரே ஒரு பஸ். அதைப் பிடித்து, ஒன்றியத் தலைமையிடத்தில் இறங்கி, வேறொரு பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் தெம்பு போய்விடுகிறது.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பணித்திறன் மேம்பாடு வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது, அது நியாயம்தான். ஆனால் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் கிளம்பினால் ஐந்து வகுப்புகளையும் தலைமையாசிரியர் ஒருவரே கட்டி மேய்க்க வேண்டும். அங்கே போய் உட்கார்ந்தாலோ, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு எழுதிய பாடத்தைத் திரையில் ஓட்டுகிறார்கள். ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது யாருக்கு முதலில் சொல்லித் தருவது? இதை ஒருவராவது எங்களிடம் கேட்டிருக்கிறார்களா?

போன மாதம் மனநலப் பயிற்சி என்று இணையவழியில் ஒன்று. பள்ளிக்குள் சிக்னல் கிடையாது. வேப்பமரத்தடியில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளைகள் தனியாக இருந்தார்கள். மனம் முழுக்க அங்கேதான்.

எங்கள் வகுப்பறைக்கே வந்து ஒரு நாளாவது உட்கார்ந்து பாருங்கள். அதைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறேன்.